வாடகை வீட்டுக்கு ஏசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பதினோரு மாத அக்ரிமென்ட்டில் குடியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அடுத்த வருடம் இதே வீட்டில் இருப்போமா என்று தெரியாது, ஆனால் கத்திரி வெயில் வந்தே தீரும். மதுரை, கோவை, வேலூர் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எங்கே பொருந்தாதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

ஏசி போடுவது என்று முடிவாகிவிட்டது. முதலில் எந்த மாடலைப் பார்ப்பது?

மாடல் அப்புறம். முதலில் வீட்டைப் பாருங்கள். வாடகை வீட்டில் எந்த ஏசி என்பதை ஜன்னலும் பிளக் பாயிண்டும் ஹவுஸ் ஓனரும் சேர்ந்து பாதிக்கு மேல் முடிவு செய்துவிடுகிறார்கள். கடையில் ஆஃபரைப் பார்த்து வாங்கிவிட்டு, டெலிவரி வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று சுவரைத் தடவுகிற வீடுகள் நிறைய உண்டு.

படுக்கையறையில் நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். பெரிய மூன்று துளை உள்ள 15 ஆம்ப்ஸ் பவர் பிளக் இருக்கிறதா, அதற்கு மெயின் போர்டில் தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) உண்டா? ஜன்னல் வெளியே திறக்கும் மரக் கதவா, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங்கா, கிரில் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? ஸ்பிளிட் ஏசி என்றால் அதன் அவுட்டோர் யூனிட்டை (வெளியே நிற்கும் பெட்டி) வைக்க பால்கனியோ, மெக்கானிக் உயிரைப் பணயம் வைக்காமல் போய் நிற்கக்கூடிய சன்ஷேடோ இருக்கிறதா? கடைசியாக, சொட்டும் தண்ணீர் எங்கே விழும்? கீழ்வீட்டுக்காரரின் துணிக்கொடியில் விழுந்தால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் அடிபடும்.

இன்னொன்று. எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய அடுக்ககங்களில் ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு செவ்வகத்தை பிளைவுட் அடித்து மூடி வைத்திருப்பார்கள். காலண்டர் மாட்டியிருந்தாலும் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும். அது விண்டோ ஏசிக்காக விட்ட இடம். பின்பக்கம் புறா குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம், அது வேறு கதை. ஆனால் அந்த ஓட்டை இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

ஹவுஸ் ஓனரிடம் எப்படிக் கேட்பது?

"ஏசி மாட்டிக்கலாமா சார்?" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்று பதில் வரும். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அவருக்கு ஏசி மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. சுவரில் ஓட்டை விழும், ஒயர் கருகும், தண்ணீர் கசிந்து பெயிண்ட் உரியும் என்ற பயம்தான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள்.

"சார், பெட்ரூம் ஜன்னல்ல மேல இருக்கிற ஒரு கண்ணாடியை மட்டும் எடுத்துட்டு பிளைவுட் வச்சு பைப் விடுறேன். சுவத்தை உடைக்கல. கண்ணாடியைப் பத்திரமா வச்சிருந்து காலி பண்றப்ப திரும்பப் போட்டுத் தந்துடுறேன். பவர் பாயிண்ட் இல்ல, எலெக்ட்ரீஷியன் செலவு நான் பார்த்துக்கிறேன், பாயிண்ட் உங்களுக்கே இருக்கட்டும்."

கடைசி வாக்கியம் நன்றாக வேலை செய்யும். ஒரு பவர் பாயிண்ட்டுக்கு ஆகும் செலவு அவருக்கு அடுத்த வாடகையை ஏற்றிக் கேட்க உதவும், உங்களுக்கு ஒரு கோடையை வாங்கித் தரும்.

அவர் சரி என்றதும் அதையே ஜன்னல் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு "ஓகே"யாவது வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் குடிபோகிறவர்கள் ஏசி பற்றிய ஒரு வரியை அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். அட்வான்ஸ் திரும்பி வரும் நாளில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு தெரியும்.

ஏர் கூலர் போதாதா? விலையும் குறைவு, ஓட்டையும் வேண்டாம்.

ஊரைப் பொறுத்தது. கூலர் நனைந்த பேட் வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகாது, கூலரும் வெறும் ஃபேன் ஆகிவிடும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். வேலூரில் ஒரு மே மாத மதியம், 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள். நல்ல தேன்கூடு பேட் உள்ள கூலர் 27, 28 டிகிரியில் காற்றைத் தரும். அது பெரிய விஷயம். அதே கூலரை சென்னையில் ஒரு இரவு, 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்தில் ஓட்டினால் வரும் காற்று 29 டிகிரிக்கு மேலேயே நிற்கும். நாலு டிகிரிகூடக் குறையாது, அதோடு அறையில் ஈரம் ஏறி, போர்வை, தலையணை எல்லாம் பிசுபிசுக்கும்.

சென்னையிலேயே நாளுக்குள் மாற்றம் உண்டு. கடற்காற்று நுழையும் வரை மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். அந்தக் காய்கிற காலையிலும் மதியத்திலும் கூலர் நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்று வந்ததும் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும், கூலர் படுத்துவிடும். நமக்கோ தூங்குவதற்கு ராத்திரியில்தான் குளிர்ச்சி வேண்டும். அதனால் சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூலரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். திருச்சி, மதுரை, வேலூர், சேலம் பக்கம் என்றால் முதலில் அதையே முயன்று பார்க்கலாம்.

வாங்கினால் இரண்டு விஷயம். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும், மூடிய அறையில் அரை மணி நேரத்தில் குளியலறை வாடை வந்துவிடும். அப்புறம், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்து போனாலும் அந்த முட்டை பல மாதம் தாங்கும்.

விளம்பரத்தில் வருகிற மேசை மேல் வைக்கும் 'மினி ஏசி' எப்படி?

ஏசி என்பது அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டும் இயந்திரம். வெளியே போகக் குழாயோ, ஓட்டையோ, ஜன்னலோ கேட்காத எதுவும் ஏசி கிடையாது. யுஎஸ்பி ஒயரில் ஓடும் அந்தப் பெட்டி ஒரு சின்ன ஃபேன், ஒரு ஈரப் பஞ்சு, ஒரு நீல விளக்கு. விட்டுவிடுங்கள்.

போர்ட்டபிள் ஏசி பற்றிச் சொல்லுங்கள். வாடகை வீட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். சக்கரம் உண்டு, தள்ளிக்கொண்டு போகலாம், மெக்கானிக் வேண்டாம், காலி செய்யும்போது டெம்போவில் ஏற்றினால் முடிந்தது. ஆனாலும் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

முதல் காரணம் ஜன்னல். பெட்டியோடு வரும் ஜன்னல் அட்டை ஸ்லைடிங் ஜன்னலுக்காகச் செய்தது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் வெளியே திறக்கும் கதவு, உள்ளே இரும்புக் கிரில். வெப்பக் காற்றுக் குழாயின் குறுக்களவு ஐந்தாறு அங்குலம், கிரில் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலம். குழாய் போகாது. கம்பிக்கு உள்பக்கமே குழாயை நிறுத்திச் சுற்றிலும் அட்டையால் அடைத்தால், கம்பி வழியாகத் தாராளமாகவே காற்று வெளியேறும். ஆனால் மரக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், மழை வந்தால் எழுந்து ஓட வேண்டும். அறையோடு சேர்ந்த குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை இருந்தால் அதன் வழியாக விடலாம் என்று சிலர் சொல்வார்கள். குழாய் நீள நீள அதன் சூடே அறைக்குள் அடிக்கும், கம்ப்ரசரும் திணறும். ஒன்றரை மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் அந்த ஒற்றைக் குழாய் வேலை செய்யும் விதம். அது அறையில் உள்ள காற்றையே எடுத்து, சூடாக்கி வெளியே தள்ளுகிறது. மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல் தள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மொத்தமே 34 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். ஆக, காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று மணிக்கு எட்டொன்பது முறை வெளியே போகிறது. போன காற்றுக்குப் பதிலாகக் கதவிடுக்கு வழியாக ஹால் காற்றும் சமையலறைக் காற்றும் உள்ளே வரும். பக்கத்து அறையில் மீன் வறுத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். இதனால்தான் அமெரிக்காவில் இந்த ரகத்துக்குத் தனி அளவுகோல் கொண்டுவந்தார்கள். பழைய கணக்கில் 14,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) என்று விற்றது, புதிய கணக்கில் 10,000-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ வந்து நின்றது. இரட்டைக் குழாய் மாடல் என்றால் இந்தக் குறை பெருமளவு தீரும், ஆனால் நம் கடைகளில் அது அபூர்வம்.

மூன்றாவது, கம்ப்ரசர் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓடும். நான்காவது, சென்னையின் ஈரத்துக்கு உள்ளே இருக்கும் தண்ணீர்த் தட்டு நடு ராத்திரியில் நிறைந்து, பீப் அடித்து நின்றுவிடும். பின்னால் இருக்கும் வடிகால் மூடியைக் கழற்றி, ஒரு சின்னக் குழாயை வாளிக்கோ குளியலறைக்கோ விட்டுவிட்டால் நிம்மதி.

அப்படியானால் யாருக்கு இது சரி? ஓனர் எதற்குமே ஒத்துக்கொள்ளாத வீடு, ஸ்லைடிங் ஜன்னல், சின்ன அறை, ஆறேழு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்ற நிலை, இவை எல்லாம் ஒன்று சேர்ந்தவர்களுக்கு. ஒரு டன் என்று போட்டிருந்தால் முக்கால் டன் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள், ஏமாற்றம் இருக்காது.

விண்டோ ஏசி பழைய காலத்து சமாச்சாரம் இல்லையா?

சத்தம் கொஞ்சம் அதிகம், பார்க்க அழகில்லை, வெளிச்சத்தை மறைக்கும். எல்லாம் உண்மை. ஆனால் வாடகை வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே பெட்டி, வெளியே ஓடும் காப்பர் பைப் கிடையாது, குளிர்விக்கும் கேஸ் ஃபேக்டரியில் அடைத்தபடியே இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து கழற்றி அடுத்த வீட்டில் வைத்துவிடலாம். ஒரு டன் பெட்டி 40 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே தனியாகத் தூக்கப் பார்க்காதீர்கள்.

ஓட்டை ஏற்கெனவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஓட்டை இல்லை என்றால் ஜன்னலில் வைக்க வேண்டும், அப்போது கிரில் தடையாக வரும். கிரிலை வெட்டுவது ஓனர் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது. சில வீடுகளில் கிரில் ஸ்குரூவில் மாட்டியிருக்கும், அதைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பு ஃபிரேம் செய்து ஏசியை உட்காரவைக்கலாம். ஆனால் தரைத்தளத்தில் இதைச் செய்தால் திருடன் பயம் வரும்.

வைக்கும்போது இரண்டு நுணுக்கம். பெட்டி பின்பக்கமாக லேசாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே படுக்கையில் சொட்டும். இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும் காற்றுத் துவாரங்கள் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். கனமான சுவருக்குள் அவை புதைந்துவிட்டால் ஏசி தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருக்கும். புது ஏசி குளிரவில்லை என்று கேஸ் ஏற்றச் சொல்கிற மெக்கானிக் வந்தால், முதலில் இந்தத் துவாரத்தைப் பாருங்கள்.

ஸ்பிளிட் போட்டால் சுவரை உடைக்க வேண்டுமே?

கட்டாயம் இல்லை. சுவரில் போடும் ஓட்டை இரண்டரை, மூன்று அங்குலம்தான். அதையும் தவிர்க்க வழி இருக்கிறது. ஜன்னலின் ஒரு கண்ணாடியையோ வென்டிலேட்டர் கண்ணாடியையோ எடுத்துவிட்டு, அதே அளவு பிளைவுட்டில் துளை போட்டு பைப்பை விடலாம். அவுட்டோரைச் சுவரில் பிராக்கெட் அடித்துத் தொங்கவிடாமல், பால்கனித் தரையில் இரும்பு ஸ்டாண்டு போட்டு வைக்கலாம். மிஞ்சுவது இன்டோர் தட்டுக்கான ஐந்தாறு ஸ்குரூ துளை மட்டும். காலி செய்யும்போது பட்டி வைத்துப் பூசினால் தெரியாது.

பைப்பின் நீளத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று மீட்டர் பைப் பெட்டியோடு வரும், அதற்கு மேல் மீட்டர் கணக்கில் காசு. "பைப் பத்தல சார்" என்ற வார்த்தையைக் கேட்கும் முன், நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஸ்பிளிட்டின் உண்மையான செலவு ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் வருகிறது. கழற்றக் கூலி, மாட்டக் கூலி, நசுங்கிய பைப்புக்குப் புதுப் பைப், போன கேஸுக்குப் புது கேஸ். ஒரே வீட்டில் இரண்டு மூன்று கோடை இருப்போம் என்று ஓரளவு தெரிந்தவர்கள் ஸ்பிளிட்டுக்குப் போகலாம். வருடா வருடம் மாறுகிறவர்கள் சொந்தமாக ஸ்பிளிட் வாங்காதீர்கள்.

வாடகைக்கு எடுப்பதா, பழசு வாங்குவதா, புதுசே வாங்கிவிடுவதா?

ஒரு கணக்குக்கு மாத வாடகை 1,800 ரூபாய், நாலு மாதம், மாட்டும் கூலி 1,800 என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடைக்கு 9,000 ஆகிறது. மூன்று கோடைக்கு 27,000. அந்தக் காசுக்குப் புது ஒரு டன் ஏசியை நெருங்கிவிடலாம். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் புதுசின் பக்கம் தட்டைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறது. ஆக, ஒரு கோடை என்றால் வாடகை, மூன்று என்றால் சொந்தம். இரண்டு என்றால் உங்கள் மாற்றல் உத்தரவைக் கேளுங்கள்.

வாடகைக்கு எடுப்பதானால் பேசித் தீர்க்க வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை மாதம், டெபாசிட் எவ்வளவு, மாட்டும் கூலியும் கழற்றும் கூலியும் யார் தலையில், ரிப்பேர் என்றால் எத்தனை நாளில் வருவார்கள், நடுவில் வீடு மாறினால் என்ன. எல்லாவற்றையும்விட முக்கியம், வரப்போகிற ஏசி எந்த வருடத்தது, இன்வெர்ட்டரா (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரகமா), எத்தனை ஸ்டார் என்பது. மாத வாடகை மலிவாக இருக்கும், வருவது ஓடி ஓடித் தேய்ந்த பழைய பெட்டியாக இருக்கும். வாடகையில் மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாய் ஈபி பில்லில் போய்விடும்.

பேச்சை பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். ஏப்ரல் கடைசியில் போன் செய்தால் ஏசியும் இருக்காது, மாட்ட ஆளும் இருக்காது, விலையும் ஏறியிருக்கும்.

பழசு வாங்குவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஓடுகிற நிலையில், மாட்டியிருக்கிற வீட்டிலேயே போய்ப் பாருங்கள். அவுட்டோர் மேல் ஒட்டிய தகட்டில் தயாரித்த வருடமும் கேஸ் வகையும் இருக்கும். ஆர்22 என்று இருந்தால் அது பழைய தலைமுறை கேஸ், திரும்பிவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கத்து வீட்டு ஏசி என்றால் அவுட்டோர் காயிலை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும். பழைய இன்வெர்ட்டர் மாடலில் போர்டு போனால், வாங்கிய விலையில் பெரும்பகுதி அதற்கே கேட்பார்கள்.

எத்தனை டன் வேண்டும்?

120 சதுர அடி வரை ஒரு டன், 180 வரை ஒன்றரை. டன் என்பது எடை இல்லை, மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை எடுக்கும் திறன்.

இந்தக் கணக்கு நடு மாடிக்குத்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பதினோரு மணிக்கும் தலைக்கு மேல் அனலைக் கக்கும். மேற்குச் சுவர் இருந்தாலும் அதே கதைதான். ஆனால் டன்னை ஏற்றுவதற்கு முன், மாடித் தரையில் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கவோ பச்சை வலை கட்டவோ ஓனர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கட்டடத்துக்கும் அது நல்லது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹாலோடு சேர்த்துக் குளிர்விக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஒரு அறை, கதவு மூடி, எல்லோரும் அங்கே படுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

கரண்ட் பில் எவ்வளவு வரும்?

ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. 960 யூனிட் என்று இருந்தால் 1,600-ஆல் வகுங்கள், மணிக்கு 0.6 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 480 மணி நேரம், 288 யூனிட். மூடாத கதவும் மொட்டை மாடியும் இதை ஏற்றும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்கு என்பதால் இந்த 288 எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே 250 யூனிட் ஓட்டுகிற வீடு 538-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை அதிகம் என்பதோடு, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையிலும் ஒரு பங்கு போகும். எனவே 500-ஐ ஒட்டி இருப்பவர்கள் போன ரீடிங் தேதியிலிருந்து நாற்பதாவது நாள் மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. பத்து யூனிட் அளவில்தான் தாண்டும் என்றால், கடைசி இருபது நாளுக்கு ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தாலே கோட்டுக்குள் நின்றுவிடலாம்.

ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வசூலித்தால் அடுக்குக் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது. யூனிட் பத்து ரூபாய் என்றால் 288 யூனிட்டுக்கு 2,880. ஏசி மாட்டும் முன் அந்த விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மாட்டிய பின் கேட்டால் ஏறியிருக்கும்.

வெப்பநிலையை 25, 26-ல் வைத்து ஃபேனைச் சின்னதாக ஓட்டுவது சென்னைக்குப் போதும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020-லிருந்து ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்கும்படி வருவதும் அவர்கள் போட்ட விதியால்தான். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்புகிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். குளிரும் வேகம் மாறாது, நிற்கிற இடம்தான் மாறும்.

பவர் பிளக் இல்லை. 6 ஆம்ப்ஸ் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டலாமா?

கூடாது. ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. சாதாரண பிளக்கும் அதன் பின்னால் போகும் மெல்லிய ஒயரும் அதற்காகப் போட்டவை அல்ல. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த். போர்ட்டபிளுக்கும் இதே விதிதான். எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு.

ஸ்டெபிலைசர் வேண்டுமா?

இன்வெர்ட்டர் ஏசியில் குறைந்த வோல்டேஜைத் தாங்கும் வசதி இருந்தால், உங்கள் தெருவில் விளக்கு மங்குகிற பழக்கமும் இல்லை என்றால் வேண்டாம். சாயங்காலம் ஃபேன் மெதுவாகச் சுற்றும் தெரு என்றால் வாங்கிவிடுங்கள். அது எந்த வீட்டுக்கும் கூடவே வரும்.

நாலு பேர் சேர்ந்து இருக்கிறோம். காசு போட்டு வாங்கலாமா?

பேச்சிலர் வீட்டுக்கு வாடகை ஏசிதான் சரி. சேர்ந்து வாங்கினால் ஒருவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த அன்று பங்கு பிரிக்கும் பஞ்சாயத்து தொடங்கும். ஹாலில் படுக்கிறவன் ஈபி பில்லில் பங்கு தர மாட்டேன் என்பான், அவன் பக்கம் நியாயமும் இருக்கும். அப்படியும் வாங்குவதென்றால் ஒருவர் பெயரில், ஒருவர் காசில் வாங்கி, மற்றவர்கள் மாதம் இவ்வளவு என்று அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காலி செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?

பேக்கர்ஸ் வரும் அன்று காலையில் மெக்கானிக்கைத் தேடாதீர்கள். முந்தின நாளே கழற்றிவிடுங்கள்.

ஸ்பிளிட் என்றால் "பம்ப் டவுன் பண்ணிக் கழட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஏசியைக் குளிரில் ஓடவிட்டு, அவுட்டோரில் மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீ வைத்து முதலில் மூடுவார். கேஸ் எல்லாம் அவுட்டோருக்குள் வந்து சேர்ந்ததும் தடித்த பைப்பின் வால்வை மூடி, உடனே ஏசியை நிறுத்துவார். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் நேரே நட்டைக் கழற்றினால் புஸ்ஸென்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டில் கேஸ் ஏற்றக் காசு கொடுப்பீர்கள். கழற்றிய பைப் முனைகளை டேப் சுற்றி அடைக்கச் சொல்லுங்கள், பைப்பை மடக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி எடுத்துப் போங்கள். ரிமோட்டை இன்டோரிலேயே ஒட்டி வைத்தால் புது வீட்டில் தேட வேண்டாம்.

ஸ்குரூ துளைகளைப் பூசி, எடுத்து வைத்த கண்ணாடியை மாட்டி, படம் எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பவர் பாயிண்ட்டைப் பற்றி அவர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்தலாம், தப்பில்லை.

புது வீட்டில் மாட்டும்போது பைப்பில் வேக்யூம் போட்ட (உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த) பிறகே கேஸ் வால்வைத் திறக்க வேண்டும். வேக்யூம் பம்ப் கொண்டுவராமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவுட்டோரையும் விண்டோ பெட்டியையும் வண்டியில் நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். கம்ப்ரசர் ஆயில் அதன் இடத்துக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.